மலையைக் குடைந்து வந்த தண்ணீர்!

சுட்டிகளே, கோவை எப்படிப் பெரிய ஊரானது தெரியுமா?

1799-ல் திப்பு சுல்தான் இறந்ததும் கோவை ஆங்கிலேயர் வசமானது. 1866-ல் நகராட்சி ஆனது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். சுற்றுவட்டாரத்தில் பருத்தி விளைந்ததால், 1888-ல் நூற்பாலையும் வந்தது.

ஆனால், குடிக்க நல்ல தண்ணீர் போதவில்லை! சிறுவாணி ஆறோ மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. அதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்திரிகையாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு விடாமல் வலியுறுத்தினார். 1922-ல் அவர் மறைந்தார். அதன் பிறகுதான் மலையைக் குடைந்து, சுரங்கம் வழியே சிறுவாணி வந்தது. 1930-களில் நீலகிரியின் பைகாரா மின்சாரமும் வர, ஆலைகள் மளமளவெனப் பெருகின. 1981-ல் கோவை மாநகராட்சியானது.

பாடுபட்டவருக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. குழாயை மறக்காமல் மூடுவீர்கள்தானே!