கண்கட்டி போல வேடமிடும் புற்றுநோய்

கைகளை நன்கு கழுவிவிட்டு, கண்ணாடி முன் நின்று, உங்கள் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். இமைமுடிகளுக்குச் சற்றுப் பின்னால் வரிசையாகச் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666ஆம் ஆண்டில் இவற்றை விவரித்ததால், 'மைபோமியன் சுரப்பிகள்' என்று பெயர் பெற்றன. இவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது விரைவில் ஆவியாகாமல் காக்கிறது.

இச்சுரப்பி அடைத்துக்கொண்டால் இமையில் சிறு கட்டி தோன்றும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். உங்கள் வயதினருக்கு வரும் கண்கட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால், முதியவர்களுக்கு அரிதாக இதே சுரப்பியில் 'செபேசியஸ் கார்சினோமா' எனும் புற்றுநோய் உருவாகலாம். மேல் இமையில் சுரப்பிகள் அதிகம் என்பதால் அங்குதான் இது கூடுதலாக வருகிறது. மேற்கத்திய நாடுகளைவிட ஆசியாவில், இமைப் புற்றுநோய்களில் இதன் பங்கு அதிகம். பார்வைக்குச் சாதாரணக் கண்கட்டி போலவே இருப்பதுதான் இதன் ஆபத்து. நோயாளி பல மாதங்கள் சொட்டு மருந்து போட்டுக்கொண்டே காலம் கடத்திவிடுவார்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் வருவது, அந்த இடத்தில் இமைமுடி உதிர்வது, இமை தடித்து மஞ்சள் நிறமாவது, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அப்போது மருத்துவர் சிறு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் சோதிக்க அனுப்புவார். இது 'பயாப்சி' எனப்படும்.

எல்லை தெரியாத எதிரி

கட்டியை வெட்டி எடுத்தால் போதாதா? போதாது. இந்தப் புற்றணுக்கள் இமையின் உட்புறப் படலத்தில், கண்ணுக்குத் தெரியாமல், இடைவெளி விட்டும் பரவக்கூடியவை. எனவே மருத்துவர்கள் படலத்தின் பல இடங்களிலிருந்து சிறு மாதிரிகளை எடுத்து, நோய் எதுவரை பரவியுள்ளது என்று வரைபடம்போல் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கட்டியைச் சுற்றியுள்ள திசுவையும் சேர்த்து அகற்றி, அதன் ஓரங்களைச் சோதிக்கிறார்கள். ஓரத்தில் புற்றணு இருந்தால் அங்கு மட்டும் மேலும் வெட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் மோஸ் 1930களில் உருவாக்கிய, அடுக்கடுக்காக அகற்றும் முறையும் இதற்குப் பயன்படுகிறது.

இமையில் வீணாக்க இடமில்லை. குறைவாக வெட்டினால் நோய் திரும்பும். அதிகமாக வெட்டினால் கண்ணை மூட முடியாமல் கருவிழி உலர்ந்துபோகும். மேல் இமையில் பெரும்பகுதியை இழந்தவருக்குக் கீழ் இமையின் திசுவை மேலே இழுத்துத் தைப்பதுண்டு. அந்தக் கண் சில வாரங்கள் மூடியே இருக்கும். புதிய இடத்தில் இரத்த ஓட்டம் நிலைபெற்றதும் பிரித்துத் திறப்பார்கள்.

நோய் காதுக்கு முன்னும் கழுத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள். முற்றிய நிலையில், உயிரைக் காக்கக் கண்ணையே அகற்ற நேரிடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் கண்ணையும் பார்வையையும் காப்பாற்றலாம்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ "இந்தக் கண்கட்டி போகவே மாட்டேங்குது" என்று சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.