பின்வரிசையில் நின்ற வீரர்

கால்பந்தாட்டம் காணச் சென்றோரின் கண்கள் பந்தோடு ஓடுகின்றன. பந்து கோல் கம்பத்தை நெருங்க நெருங்க ஆரவாரம் மிகுகிறது. அது வலையில் விழுந்தவுடன் விண் அதிர்கிறது. கோல் போட்டவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்துக்களில் வெளிவருகிறது. ஆனால் தம் பக்கத்துக் கோலுக்கு முன்னே நின்று, வரவிருந்த பத்து ஆபத்துக்களைத் திருப்பி அனுப்பியவரை நினைப்பார் இலர். விழாத கோலுக்குக் கணக்கு ஏது? அவரே ஒருமுறை தவறிவிட்டாலோ, அத்தவறு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு விடுகிறது.

இத்தகைய நன்றியற்ற பணியை ஏற்று நிற்பவரையே ‘புல்பேக்’ என்று அழைக்கின்றனர். பழைய ஆட்ட முறையில் கோல்கீப்பருக்கு முன்னால் இருவர் மட்டுமே இவ்வாறு காவல் நின்றனர். நாளடைவில் அவ்விருவரும் இடப்புறமும் வலப்புறமும் பிரிந்து, ஓரமாக ஓடிவரும் எதிரணியின் விரைந்த ஆட்டக்காரரை மடக்கும் பொறுப்பைப் பெற்றனர். இங்கிலாந்து ஈன்ற புல்பேக்குகளுள் சிறந்தோர் சிலரை எண்ணினால், இடப்புறக் காவலர் ரே வில்சனின் பெயர் அவ்வரிசையில் தவறாமல் நிற்கும். அவருடைய வாழ்க்கையை நம் வாசகர்களுக்கு, சிறப்பாக மைதானத்தை நாடும் பிள்ளைகளைப் பெற்றோருக்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இருப்புப்பாதையிலிருந்து மைதானத்திற்கு

வில்சன் 1934 டிசம்பர் 17 அன்று டெர்பிஷயரைச் சேர்ந்த ஷைர்புரூக் என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர் அது. அவருக்கு இட்ட முழுப்பெயர் ரமோன் வில்சன். அக்காலத்துப் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ரமோன் நோவாரோவின் நினைவாக வைத்த பெயர் என்பர். பெயரில் இருந்த பகட்டு வாழ்க்கையில் இல்லை. பள்ளியை விட்டதும் இரயில்வேயில் தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். உள்ளூர் ஆட்டமொன்றில் அவர் திறமையைக் கண்டு ஹட்டர்ஸ்பீல்டு டவுன் கழகத்தார் அழைத்துக்கொண்டனர். இரவில் இருப்புப்பாதை வேலை, பகலில் பந்தாட்டப் பயிற்சி என்று அவருடைய இளமைக் காலம் கழிந்தது. பின்னர் கட்டாய இராணுவ சேவையின்பொருட்டு எகிப்து நாட்டில் இருந்து திரும்பினார்.

1955இல் அவர் முதன்முதலாகக் கழகத்தின் முதல் அணியில் ஆடினார். அடுத்த ஆண்டே ஹட்டர்ஸ்பீல்டு முதற் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. எனினும் வில்சன் அங்கேயே நிலைத்து, லீக் பந்தயங்களில் மட்டும் 266 முறை ஆடினார். பிற்காலத்தில் லிவர்பூல் கழகத்தைப் பெருமைக்கு உயர்த்திய பில் ஷாங்க்லி, 1956 முதல் 1959 வரை ஹட்டர்ஸ்பீல்டின் மேலாளராக இருந்தார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அந்நாளில் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலை எத்தகையது என்பதையும் அறிதல் வேண்டும். எத்துணைப் பெரிய வீரராயினும், அவருக்கு உச்ச வரம்புக்கு மேல் ஊதியம் கொடுத்தல் கூடாது என்பது விதி. 1961 ஜனவரியில் அவ்விதி நீங்கியபோது அவ்வரம்பு வாரத்திற்கு 20 பவுன். ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்த பின்னரே கழகங்கள் இறங்கி வந்தன. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரை வேறிடம் செல்லவிடாமல் கழகம் பிடித்து வைத்துக்கொள்ளும் முறையும் இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1963இல் நீதிமன்றம் அம்முறையை நியாயமற்றதெனத் தீர்ப்பளித்தது. இத்தகைய கட்டுக்களுக்கு நடுவேதான் வில்சனின் இளமை ஆட்டம் நடந்தது.

நாட்டின் அழைப்பு

இரண்டாம் பிரிவில் ஆடும் ஒருவரை நாட்டின் அணிக்குத் தேர்ந்தெடுப்பது அரிது. அவ்வரிய பேறு 1960 ஏப்ரலில், ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வில்சனுக்குக் கிட்டியது. 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்திற்கும் சென்றார். கால் இறுதியில் எதிர்ப்பட்டது பிரேசில். வில்சனின் பக்கமாக வந்தவர் கரிஞ்சா. பிறவியிலேயே வளைந்த கால்களைக் கொண்ட அவ்வீரர், இப்புறம் சாய்வது போலக் காட்டி அப்புறம் பறந்துவிடுவார். அன்று கரிஞ்சா இரண்டு கோல்கள் போட்டார். ஒன்று கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டியது, மற்றொன்று தொலைவிலிருந்து உதைத்தது. இங்கிலாந்து 3-1 என்ற கணக்கில் தோற்றது. உலகின் மிகச் சிறந்த ஓர ஆட்டக்காரரை எதிர்த்து நின்ற அந்நாள், வில்சனுக்கு ஒரு பள்ளியாக அமைந்தது என்று சொல்லலாம்.

1964இல் அவர் முதற் பிரிவைச் சேர்ந்த எவர்ட்டன் கழகத்திற்கு மாறினார். இதற்குள் இங்கிலாந்து அணியின் பொறுப்பு ஆல்ப் ராம்சேயிடம் வந்திருந்தது. ராம்சேயும் புல்பேக்காக ஆடியவரே. நாட்டுக்காக 32 ஆட்டங்கள் ஆடியவர். 1953இல் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி 6-3 என இங்கிலாந்தை வீழ்த்திய அந்த ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம். தம் கண்முன் தம் அணியின் காவல் சிதறியதைக் கண்ட அம்மனிதர், காவலின் அருமையை நன்கு உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் கால் இறுதி முதல் ராம்சே புதுமுறை ஒன்றைக் கையாண்டார். ஓரங்களில் ஓடும் தனி ஆட்டக்காரர்களை அறவே நீக்கிவிட்டு நடுக்களத்தை வலுப்படுத்தினார். அவ்வாறாயின் ஓரமாகப் பந்தை முன்னே கொண்டு செல்பவர் யார்? இடப்புறம் வில்சன், வலப்புறம் புல்ஹம் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கோஹன். தடுக்கவும் வேண்டும், தடுத்த பந்தோடு எதிரணியின் எல்லை வரை ஓடவும் வேண்டும், பந்து பறிபோனால் மீண்டும் ஓடிவந்து காவல் நிற்கவும் வேண்டும். இன்று உலகெங்கும் புல்பேக்கிடம் எதிர்பார்க்கும் இவ்விரட்டை வேலையை இவ்விருவரும் அன்றே செய்து காட்டினர்.

ஒரு தவறும் அதன் பின்னும்

அவ்வாண்டில் வில்சன் வெம்பிளியில் இரு பெரும் இறுதியாட்டங்களைக் கண்டார். மே 14 அன்று எப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டன், ஷெபீல்டு வெட்னஸ்டே அணியிடம் இரண்டு கோல்கள் பின்தங்கி நின்றது. பின்னர் மூன்று கோல்கள் போட்டு 3-2 என வென்றது. பின்தங்கிய நிலையிலிருந்து மீளும் பாடத்தை அம்மைதானம் முன்கூட்டியே கற்பித்தது போலும்.

ஜூலை 30 அன்று உலகக் கோப்பையின் இறுதியாட்டம். எதிரே மேற்கு ஜெர்மனி. கூடியிருந்தோர் ஏறத்தாழ 97,000 பேர். இங்கிலாந்து அணியின் காவல் எத்தகையதெனின், அதுகாறும் ஆடிய ஐந்து ஆட்டங்களில் அவர்கள் விட்டது ஒரே ஒரு கோல். அதுவும் அரை இறுதியில் போர்ச்சுகல் வீரர் யூசேபியோ அடித்த பெனால்ட்டி. அன்று களத்தில் நின்ற ஆங்கில வீரர் பதினொருவருள் மூத்தவர் 31 வயதான வில்சன். தடுமாறுபவர் அவராக இருப்பார் என்று எவரும் எண்ணியிரார்.

பன்னிரண்டாவது நிமிடம். ஜெர்மன் வீரர் ஹெல்டு உயரத் தூக்கி அனுப்பிய பந்தை வில்சன் எழும்பித் தலையால் முட்டினார். தெறித்து அப்பால் செல்ல வேண்டிய பந்து வலுவிழந்து, நேரே எதிரணியின் ஹாலர் காலடியில் போய் விழுந்தது. ஹாலர் உதைத்தார், கோல்! ஓடியாடும் ஆட்டத்தில் இங்கிலாந்து அப்பந்தயத்தில் விட்ட முதற் கோல் அதுவே. வாழ்நாளின் தலையாய ஆட்டத்தில், நாடே பார்த்திருக்க, தம் ஒருவர் தவறால் அணி பின்தங்கியது.

அந்நிலையில் மனிதர் இருவகையாகக் கெடுவர். சிலர் அஞ்சிப் பந்தை விட்டு ஒதுங்குவர். சிலர் பழியைத் துடைக்கும் ஆத்திரத்தில் தம் இடத்தை விட்டுப் பாய்ந்து மேலும் கெடுப்பர். வில்சன் இரண்டும் செய்யவில்லை. தம் இடத்தில் நின்றார். தம் வேலையைச் செய்தார். ஆறு நிமிடங்களில் ஹர்ஸ்ட் ஒரு கோலைத் திருப்பினார். 78ஆவது நிமிடத்தில் பீட்டர்ஸ் இன்னொன்று போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜெர்மனி மீண்டும் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஹர்ஸ்ட் மேலும் இரண்டு கோல்கள் போட, 4-2 என்ற கணக்கில் கோப்பை இங்கிலாந்துக்கு உரியதாயிற்று. இரண்டு மணி நேர ஆட்டத்தில் வில்சனின் தவறு ஒரு நொடி. மீதி நேரமெல்லாம் அவர் செய்த காவலை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

வெற்றிக்காகக் கிடைத்த பரிசுத் தொகை 22,000 பவுன். ஆடியவர், ஆடாதவர் என்ற வேறுபாடின்றி 22 பேரும் ஆளுக்கு 1,000 பவுனாகப் பகிர்ந்துகொண்டனர். இப்பங்கீடு அவ்வணியின் பண்பைக் காட்டும்.

மைதானத்திற்கு அப்பால்

வில்சன் நாட்டுக்காக 63 ஆட்டங்கள் ஆடினார். கடைசி ஆட்டம் 1968 ஜூனில் ரோம் நகரில். அவ்வாண்டில் முழங்காலில் பட்ட காயம் அவருடைய விரைவைக் குறைத்துவிட்டது. ஓல்டம், பிராட்போர்டு கழகங்களில் சிறிது காலம் ஆடிவிட்டு 1971இல் ஓய்வு பெற்றார். வலப்புறத் தோழர் கோஹனும் முழங்கால் காயத்தாலேயே 29 வயதில் ஆட்டத்தைத் துறந்தார்.

இன்றைய வீரர் ஓராண்டில் ஈட்டும் பொருள் ஏழு தலைமுறைக்குப் போதும். அன்றைய உலக வெற்றி வீரரோ மறுநாளே பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. வில்சன் ஹட்டர்ஸ்பீல்டுக்குத் திரும்பி, இறந்தோருக்கு ஈமக்கடன் ஏற்பாடுகளைச் செய்து தரும் தொழிலை மேற்கொண்டார். அது மனைவியின் குடும்பத்தார் நடத்தி வந்த தொழில். உலகக் கோப்பையை வென்றவர் சவப்பெட்டி சுமப்பதா என்று வியந்தோர் உண்டு. ஆனால் அவர் அதனை இழிவாகக் கருதினாரல்லர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிலை நடத்தினார். துயருற்ற குடும்பத்தின் பக்கத்தில் அமைதியாக நின்று, ஒரு குறையும் நேராமல் காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் வேலை அது. எண்ணிப் பார்த்தால் புல்பேக்கின் பணிக்கும் அதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

உடன் ஆடியோர் சிலருக்கு அரசின் பட்டங்கள் முன்னரே வந்தன. வில்சன், கோஹன், ஸ்டைல்ஸ், ஹன்ட், பால் ஆகிய ஐவருக்கு மட்டும் 2000ஆம் ஆண்டில்தான் எம்.பி.இ. பட்டம் வந்தது, வெற்றி பெற்று 34 ஆண்டுகளுக்குப் பின்! அவ்வைவருள் இருவர் புல்பேக்குகள் என்பது கருதத்தக்கது.

சில ஆண்டுகளில் வில்சனை அல்சைமர் என்னும் மறதி நோய் பற்றியது. 2018 மே 15 அன்று தம் 83ஆம் வயதில் மறைந்தார். அவ்வணியைச் சேர்ந்த பீட்டர்ஸ், ஸ்டைல்ஸ், சார்ல்ட்டன் சகோதரர் ஆகியோரும் முதுமையில் இத்தகைய நோய்க்கு ஆளாயினர். 1968 எப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வில்சனின் எவர்ட்டனுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்ட ஜெப் ஆஸ்ட்டல் 2002இல் 59 வயதில் இறந்தபோது, தொழிலினால் வந்த நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை சேதமுற்றது என்பது அதன் பொருள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நலிவு நோய்களால் இறப்பது மற்றவரினும் மூன்றரை மடங்கு என்று கண்டனர். காவல் நிற்போருக்கே அபாயம் மிகுதி என்பதும் 2021இல் தெரியவந்தது. தனி ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று அறுதியிட இயலாது. ஆயினும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளிப் பருவத்துச் சிறுவருக்குப் பந்தைத் தலையால் முட்டும் பயிற்சி கூடாதென வழிகாட்டியிருக்கின்றனர். அதனை நாமும் பின்பற்றலாம்.

மைதானத்திற்குச் செல்லும் பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் நிற்கவே விரும்புவர். மாலையில் வீடு திரும்பும் மகனிடம் “எத்தனை கோல் போட்டாய்?” என்று கேட்பதே நம் வழக்கம். இனி ஒருநாளேனும் “எத்தனை கோலைத் தடுத்தாய்?” என்று கேட்டுப் பார்ப்போமாக. பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்து வருவானாயின், பன்னிரண்டாவது நிமிடத்தில் தவறிய ஒருவர், ஆட்டம் முடியும்வரை தம் இடத்தை விட்டு நகராமல் நின்று உலகக் கோப்பையை வென்ற கதையை அவனுக்குச் சொல்வோமாக.