டவருக்கு இடம் கொடுக்கலாமா?

"மேனேஜர் சார், தோட்டத்துல செல்போன் டவர் வைக்க இடம் கேக்குறாங்க. மாசா மாசம் வாடகையாம். கொடுக்கலாமா?" என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார். தேனீப் பெட்டி வைத்திருப்பவர். டவர் வந்தால் தேனீ செத்துப்போகும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் கிரீஷ் குமார். மும்பை ஐ.ஐ.டி.யில் ஆன்டெனா துறைப் பேராசிரியராக இருந்தவர். டவர் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளிருந்து அறிந்தவர். அதன் கதிர்வீச்சு மனிதர், பறவை, தேனீ, மரங்களை என்ன செய்யும் என்று ஆய்வுகளைத் தொகுத்து, 2010 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கு அறிக்கை கொடுத்தார். 2012 செப்டம்பர் முதல் அரசு வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 ஆனது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. டவர் அலையால் நோய் வருவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்னது. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்போ 2011-இல் இவ்வகை அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' பட்டியலில் வைத்தது. நிரூபணம் ஆகவில்லை, சந்தேகம் தீரவும் இல்லை. இதுதான் இன்றைய நிலை.

சந்தேகமே இல்லாத ஒன்று உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு கால் பங்காகும். ஆன்டெனா பெரும்பாலும் நேர் எதிரே வீசும்; அடியில் குறைவாகவே விழும். ஆகவே டவரின் காலடியைவிட, ஆன்டெனாவுக்கு எதிரே அதே உயரத்தில் இருக்கும் மாடி வீட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

* வீடு, மாட்டுக்கொட்டகை, தேனீப் பெட்டியை விட்டுத் தள்ளி இடம் காட்டுங்கள்.
* அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பாருங்கள். கட்டணம் கட்டினால் நேரில் வந்தும் அளப்பார்கள்.
* பத்திரத்தில் எத்தனை வருஷம், முடிந்ததும் கான்கிரீட்டை யார் அகற்றுவது என்று எழுதி வாங்குங்கள்.
* "முன்பணம் கட்டுங்க, டவர் வரும்" என்று போன் வந்தால் அது மோசடி. டவர் வைப்பவர்தான் நமக்குப் பணம் தரணும்.

தேனீ பற்றியும் சொன்னேன். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து தேனீயைக் கொல்லும் என்பது நிரூபணமான விஷயம். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் அதைத் தடை செய்தது. டவரைப் பார்த்துப் பயப்படும் முன், வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன தெளிக்கிறார்கள் என்று பாருங்கள்.

தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும், அவசரமாகப் போட்ட கையெழுத்துகளை வங்கியில் நிறையவே பார்த்துவிட்டேன்.