பூவைத் தின்னும் புழுவும் தறியில் அறும் நூலும்

பருத்தி விளைவிப்போருக்கும் நூலைக் கொண்டு நெய்வோருக்கும் இடையே வியாபாரி, அரவை ஆலை, நூற்பாலை எனப் பல கைகள் உள்ளன. ஆயினும் இருவர் பிழைப்பும் தொடங்கும் இடம் ஒன்றே. அது பருத்திப் பூவின் சூலகம். பூ மலரும் நாளிலேயே உள்ளிருக்கும் சூல்களின் மேற்றோலில் பஞ்சிழை முளைக்கத் தொடங்குகிறது. ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணுவாகும். அது ஏறக்குறைய மூன்று வாரம் நீளத்தில் வளர்ந்து, அதன் பின்னர் சுவர் தடித்து உரம் பெறுகிறது. ஆகவே, பூவை உண்ணும் பிராணிகளைப் பற்றி விவசாய அங்கத்தினர்களைப் போலவே நெசவாள அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

உண்பன யாவும் பகையல்ல

பூவை நாடி வரும் உயிர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தேனீ தேனையும் மகரந்தத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கிறது. இலுப்பை மரத்திலோ, இனிப்பான சதைப்பற்றுள்ள இதழையே பழந்தின்னி வௌவால் தின்றுவிடுகிறது. ஆனால் சூலகம் காம்பிலேயே தங்குகிறது. வௌவாலின் வழியே மகரந்தமும் பரவுகிறது. மரம் கொடுக்கும் கூலி அவ்விதழ் என்றே கொள்ளலாம்.

வேறு சில உயிர்கள் கூலி வாங்கி வேலை செய்யாதவை. கறுப்பும் செம்மஞ்சளும் பட்டைபட்டையாகக் காணப்படும் கொப்புள வண்டு, துவரை, வெண்டை, பருத்தி ஆகியவற்றின் இதழையும் மகரந்தத்தையும் கடித்துத் தின்கிறது. இதழ் சிதைந்த பூவைத் தேனீக்கள் எளிதில் கண்டுகொள்வதில்லை. மகரந்தம் குறைந்தால் சூல் விதையாவதும் குறைகிறது. எனினும் இவ்வண்டின் இளம் பருவம் மண்ணில் வெட்டுக்கிளியின் முட்டைகளைத் தின்று வாழ்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது.

செடி கணக்கிடும் முறை

பருத்திச் செடி தான் காய்க்கக் கூடியதைவிட மிகுதியான சப்பைகளை வைக்கிறது. நோயும் புழுவும் இல்லாத செடியிலும் சப்பை, பூ, பிஞ்சு ஆகியவற்றுள் பாதிக்கு மேல் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. புள்ளிக் காய்ப்புழுவோ பச்சைக் காய்ப்புழுவோ துளைத்த சப்பையை எளிதில் அடையாளங் காணலாம். அதைப் பொதிந்திருக்கும் மூன்று பச்சைச் செதில்களும் விரிந்து, மஞ்சளித்து, சில நாட்களில் சப்பை உதிரும்.

முதற் சப்பைகள் உதிர்வதைக் கண்டவுடனே மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்வது பலருடைய வழக்கம். அது எப்போதும் அவசியமன்று. பருவத் தொடக்கத்தில் சில சப்பைகளை இழந்த செடி, ஈரமும் உரமும் குறையாதிருந்தால், புதிய சப்பைகளை வைத்து நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடு செய்துகொள்கிறது. அறுவடை சற்றுப் பின்தள்ளிப் போகலாம். சப்பை பூவாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரமும், பூ வெடித்த காயாவதற்கு மேலும் ஒன்றரை முதல் இரண்டு மாதமும் தேவை. ஆதலின் பருவத்தின் பிற்பகுதியில் போன சப்பையைச் செடியால் மீட்க இயலாது. ஒரே சேதம், வரும் காலத்தைப் பொறுத்துச் சிறிதாகவோ பெரிதாகவோ ஆகிறது. அவசரத் தெளிப்பினால் கைப்பணம் போவதோடு, தேனீக்களும் புழுவைத் தின்னும் நற்பூச்சிகளும் மடிகின்றன.

ரோஜா போன்ற பூ

எல்லாவற்றினும் வஞ்சகமானது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இன்றைய குஜராத்திலுள்ள புரோச்சிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1843-இல் சாண்டர்ஸ் என்பவர் இதனை முதன்முதலாக விவரித்தார். புழு மொட்டினுள் இருந்துகொண்டு இதழ்களின் நுனியைத் தன் இழையால் பின்னிவிடுகிறது. பூ முழுவதும் விரியாமல், பாதி மலர்ந்த ரோஜாவைப் போல் நிற்கும். உள்ளே புழு மகரந்தத்தைத் தின்றுகொண்டிருக்கும். பின்வரும் தலைமுறைகள் காயினுள் புகுந்து விதையைத் தின்கின்றன. இரண்டு விதைகளை ஒன்றாகப் பிணைத்தும் விடுகின்றன. பஞ்சு கறை படிந்து, இழை முதிராமல், கொட்டுப் பருத்தியாகிறது. விவசாயிக்கு விலை குறைகிறது. அத்தகைய பஞ்சு கலந்த நூல் தறிக்கு வரும்போது பாவு அறுகிறது. நெசவாளர் இழை முடிவதிலேயே நாளைக் கழிக்கிறார்.

பி.டி. பருத்தி இந்தியாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்டது. இரண்டு நச்சுப் புரதங்களைக் கொண்ட வகை 2006-இல் வந்தது. முதல் வகையை இப்புழு வென்றுவிட்டது என்னும் செய்தி குஜராத்திலிருந்து 2010-இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளில் இரண்டாம் வகையும் இதற்கு ஈடுகொடுக்க இயலாததாயிற்று. விதையை மட்டும் நம்பியிருக்கும் காலம் கழிந்தது.

கூடிச் செய்யத்தக்கவை

பூக்கும் பருவத்தில் காலை வேளையில் வயலின் பல பகுதிகளிலும் நூறு பூக்களைப் பார்த்தல் வேண்டும். பத்து பூக்களில் புழு இருப்பின் நடவடிக்கை எடுக்கும் வேளை வந்துவிட்டது. ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து, தொடர்ந்து மூன்று இரவுகள் பொறி ஒன்றுக்கு 8 அந்துப்பூச்சிகள் விழுந்தாலும் அவ்வாறே கொள்ளலாம். ரோஜா போன்ற பூக்களைக் கிள்ளி அழித்தல், கடைசி எடுப்பு முடிந்ததும் செடியை மறுதழைவுக்கு விடாமல் பிடுங்குதல், எஞ்சிய காய்களை அகற்றுதல், பருத்தி மாறுகளை அடுத்த பருவம் வரை குவித்து வையாதிருத்தல் ஆகியவை செலவு குறைந்த காரியங்கள்.

ஆனால் அந்துப்பூச்சி வரப்பை அறியாது. ஒருவர் மாறு பிடுங்கி, அண்டை வயல்காரர் விட்டுவைத்தால் இருவர் வயலும் பாழ். ஆதலின் சங்கத்தின் ஒவ்வொரு கிராமக் கிளையும் மாறு பிடுங்கும் நாளை ஒருமித்து முடிவு செய்து நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். நெசவாள அங்கத்தினர்களும் அந்நாளில் கைகொடுப்பார்களாயின், தம் பாவுக்கான நூலைத் தாமே காத்தவர்களாவர்.