பைக்குள் ஓர் எட்டாம் நம்பர்

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எஃகு எந்த ஊர், பிடி என்ன பொருள் என்றுதான். கவனிக்க வேண்டியது அலகின் தடிமன். அன்றாடம் அதற்கு வரும் வேலை பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, பழம் நறுக்குவது, பென்சில் சீவுவது. இதில் எதற்கும் தடித்த அலகு வேண்டாம். தடித்த அலகு ஆப்பிளை நறுக்காது. பாதி வழியிலேயே ஆப்பு வைத்ததுபோல் பிளந்துவிடும். எவ்வளவு கூர் தீட்டினாலும் இந்தக் குறை போகாது.

அப்படிப் பார்த்தால், 130 ஆண்டுகளைத் தாண்டிய ஒப்பினெல் கத்தி இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில், கருவி செய்யும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890-இல் உருவாக்கியது. உழவரும் ஆடு மேய்ப்பவரும் பையில் போட்டுக்கொள்ள மலிவான கத்தி, அவ்வளவுதான் நோக்கம். 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவு பிரித்தார். அதிகம் புழங்குவது எட்டாம் நம்பர்.

எட்டின் அலகு நீளம் 8.5 செ.மீ. முதுகுப் பக்கத்தின் தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. தக்காளித் தோலில் வைத்து இழுத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை. பீச் மரப் பிடி உருண்டையாக இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கைக்கு உறுத்தாது. எடையும் மிகக் குறைவு.

கழுத்தில் இருக்கும் உலோக வளையம் 1955-இல் சேர்ந்தது. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். வெட்டும்போது விரல்மேல் மடங்காது. பிற்காலத்தில், மடக்கிய நிலையிலும் பூட்டும்படி வளையத்தை மேம்படுத்தினார்கள். ஆனால் நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு கையும் தேவை. ஒரு கையில் மூட்டையைப் பிடித்தபடி மறு கையால் திறக்க நினைப்பவருக்கு இது சரிப்படாது.

பெரிய குறை மரத்தில்தான். ஈரம் பட்டால் பீச் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் சென்னைவாசிக்கு இது நிச்சயம் நடக்கும். சவோய்க்காரர்களின் கைவைத்தியம், பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டுவது. அலகு சற்று வெளியே வரும், விரலால் பிடித்துத் திறக்கலாம். நீரில் ஊறவைக்கக் கூடாது. துடைத்துக் காயவைத்தால் போதும்.

எஃகு இரண்டு வகையில் கிடைக்கிறது. கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கருத்துப்போகும், ஈரத்தோடு விட்டால் துருவேறும். வெட்டியதும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவர்களுக்கு அது. கடலோர ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத எஃகையே எடுப்பது நல்லது. இரண்டையும் வீட்டிலேயே சாணைக்கல்லில் தீட்டலாம். ஒரு பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வு வைத்தால் சரி. மெல்லிய அலகு என்பதால் தேய்த்து எடுக்க வேண்டிய எஃகு குறைவு. வேலை சீக்கிரம் முடியும். அதே மெல்லிசால், டப்பா மூடியை நெம்பினால் முனை ஒடியும்.

கடையில் கையில் எடுத்ததும் மூன்றைச் சோதியுங்கள். திறந்து பூட்டிய பின் அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மடக்கினால் பிடியின் பள்ளத்துக்கு நடுவில் அமர வேண்டும். வளையம் விரலுக்குத் திரும்ப வேண்டும், தானாகச் சுழலக் கூடாது.

சட்டமும் உண்டு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரிட்டனில் வசிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால், அது பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும். எட்டாம் நம்பர் இரண்டிலும் தோற்கிறது. விரலைக் காக்கும் வளையமே அங்கே குற்றத்துக்கு வழி. அவர்களுக்கு வளையமில்லாத ஐந்தாம் நம்பர் பொருந்தும்.

கத்தரி, திருகுளி, டப்பா திறப்பான் எல்லாம் ஒன்றில் வேண்டுமென்றால் சுவிஸ் ராணுவக் கத்தியை வாங்குங்கள். வெட்டுவதற்கு மட்டும் ஒன்று போதும் என்பவருக்கு எட்டாம் நம்பரைத் தயங்காமல் சொல்வேன். நம் ஊர்க் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகில்.