பரிசோதகரின் இல்லத்திற் பரிசோதனை: றோட் ஹில் கொலை வழக்கும் துப்பறியும் நாவலும்

துப்பறியும் நாவலின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஆசிரியரிலிருந்து ஆசிரியருக்குச் செல்வர். எட்கார் அலன் போவிலிருந்து வில்கி கொலின்ஸுக்கும் அவரிலிருந்து கொனன் டொயிலுக்கும் ஒரு வம்சாவளியை வரைந்துவிட்டால் வரலாறு முடிந்துவிட்டது என்பது அவர்தம் எண்ணம். இத்தகைய வம்சாவளிகள் இலக்கிய வடிவமொன்றை ஈன்ற சமூகத்தைப் பற்றி எதனையுங் கூறுவதில்லை. துப்பறிவாளன் என்ற பாத்திரம் நூல்களுக்குள் நுழையுமுன் வீடுகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்நுழைவு எவ்வாறு நிகழ்ந்தது, எவரால் எதிர்க்கப்பட்டது என்பதனை 1860ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்ற்ஷயர், சொமர்செற் எல்லையில் நிகழ்ந்த ஒரு கொலையும் அதன் புலன்விசாரணையும் தெளிவாகக் காட்டுகின்றன.

அவ்வாண்டு யூன் 29ஆந் திகதி இரவு, றோட் என்னுங் கிராமத்தை அடுத்திருந்த றோட் ஹில் இல்லத்தில், நான்கு வயது நிரம்பாத பிரான்சிஸ் சவில் கென்ற் என்ற சிறுவன் தன் கட்டிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டான். மறுநாட் காலை, தோட்டத்துப் புதர்களிடையே பணியாளருக்கென அமைந்திருந்த மலசலகூடத்தின் குழியில், கழுத்து வெட்டப்பட்ட நிலையில் அவனது உடல் காணப்பட்டது. உடலைக் கண்டெடுத்தோர் செருப்புத் தைப்பவர் ஒருவரும் கமக்காரர் ஒருவருமாவர். வரவேற்பறை யன்னல் திறந்திருந்தது. ஆயினும் வெளியார் எவரும் உட்புகுந்தமைக்கான தடயம் இல்லை. குற்றவாளி வீட்டுக்குள் உறங்கியவர்களுள் ஒருவரே என்ற முடிவுக்கு விசாரணையாளர் விரைவில் வந்தனர்.

வீட்டின் தலைவர் சாமுவேல் கென்ற் வகித்த பதவி நமது கவனத்துக்குரியது. அவர் மேற்கு இங்கிலாந்தின் கம்பளி ஆலைகளை மேற்பார்வை செய்த தொழிற்சாலை உபபரிசோதகர். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலாளியின் விருப்பைக் கேளாமலே ஆலைக்குட் செல்லக்கூடிய பரிசோதகர்களை அரசு நியமிக்க வழிசெய்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் உபபரிசோதகர்களுக்கும் அவ்வுரிமையை முழுமையாக அளித்தது. வேலை நடைபெறும் வேளையில், இரவாயினும் பகலாயினும், ஆலையின் எப்பகுதிக்குள்ளும் அவர்கள் செல்லலாம், எத்தொழிலாளியையும் வினவலாம். இப்பரிசோதகர்களின் அறிக்கைகளே பின்னர் மார்க்ஸின் 'மூலதனம்' முதலாம் பாகத்திற் (1867) குழந்தை உழைப்பும் வேலைநாளின் நீளமும் பற்றிய அத்தியாயங்களுக்கு அடிப்படைச் சான்றுகளாயின. லெனாட் ஹோர்னர் என்ற பரிசோதகரை மார்க்ஸ் மனமாரப் பாராட்டியுமுள்ளார்.

சாமுவேல் கென்ற் ஹோர்னர் அல்லர். எனினும் சட்டத்தின் பேரால் அடுத்தவர் வாயிலைத் திறப்பித்து உட்செல்வதே அவருடைய சீவனோபாயமாகும். அயற் கிராமத்தார் அவரை வெறுத்தனர். இவ்வெறுப்பை எளிதிற் கடந்துவிடலாகாது. குழந்தைகளின் கூலியை நம்பி உயிர் வாழ்ந்த நெசவுக் குடும்பங்களுக்கு, அக்குழந்தைகளை ஆலையிலிருந்து நீக்கிய சட்டம் நன்மையாகத் தோன்றவில்லை. அச்சட்டத்தின் முகமாக அவர்கள் கண்டது கென்றின் முகத்தையே. போதாக்குறைக்கு, ஊரார் மீன்பிடித்து வந்த ஆற்றங்கரையையும் அவர் தமது உரிமையாக்கி வேலியிட்டிருந்தார்.

இப்போது விசாரணைக்கு வருவோம். உள்ளூர்ப் பொலிஸ் அத்தியட்சர் ஃபோலியின் நடவடிக்கைகள் தொடக்கத்திலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பொலிஸ்காரர் ஒருவரின் மனைவி வரவழைக்கப்பட்டு வீட்டுப் பணிப்பெண்கள் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். குழியிலிருந்து எடுக்கப்பட்ட மார்புத்துணி ஒன்று அவர்களுக்கு அணிவித்துப் பார்க்கப்பட்டது. சிறுவனுடன் ஒரே அறையில் உறங்கிய எலிசபெத் கொஃப் என்ற குழந்தைத் தாதியே அனைவரதுஞ் சந்தேகத்துக்கு இலக்கானாள். யூலை 2ஆந் திகதி நடைபெற்ற மரண விசாரணையில், கென்றின் மூத்த தாரத்துப் பிள்ளைகளான கொன்ஸ்ரன்ஸ், வில்லியம் ஆகிய இருவரையும் விசாரிக்க வேண்டுமென ஊரவரான யூரர்கள் வற்புறுத்தினர். மரண விசாரணை அதிகாரி அதனை விரும்பவில்லை. ஈற்றில் இணங்கியபோதும், பிள்ளைகளைப் பொது மண்டபத்துக்கு அழைப்பியாது, யூரர்களை அவர்களின் வீட்டுக்கு அழைத்துச் சென்று சில வினாக்களோடு முடித்துக்கொண்டார். பணிப்பெண் மண்டபத்தில் நின்று சாட்சி கூறினாள். எசமானரின் பிள்ளைகளிடம் நீதியே நடந்து சென்றது.

கொலை நடந்த மறுநாள் இரவு நிகழ்ந்தது இதனினும் விசித்திரமானது. யாராவது தடயங்களை அடுப்பிலிட்டு எரிக்க முனைகிறார்களா என்று காவலிருக்க இரு பொலிஸ்காரர் அவ்வீட்டில் நிறுத்தப்பட்டனர். கென்ற் அவர்களைச் சமையலறையில் வைத்து வெளியே தாழிட்டார். நள்ளிரவுக்குப் பின் அவர்களுள் ஒருவர் வெளியேற விரும்பி நெடுநேரங் கதவைத் தட்டவேண்டியதாயிற்று. ஆலைகளின் கதவு தமக்குத் திறக்கவேண்டும் என்பதைச் சட்டமாகக் கொண்டிருந்த ஒருவர், சட்டத்தின் காவலரைத் தம் சமையலறைக்குட் பூட்டிவைத்தார். நாவலாசிரியன் ஒருவன் இதனைப் புனைந்திருந்தால் மிகையென்று நாம் குறைகூறியிருப்போம்.

யூலை நடுப்பகுதியில் இலண்டன் ஸ்கொட்லன்ட் யார்டிலிருந்து பரிசோதகர் யொனதன் விச்சர் அனுப்பப்பட்டார். 1842இல் எட்டுப் பேருடன் தொடங்கிய துப்பறியும் பிரிவின் முதலாம் அணியைச் சேர்ந்தவர். டிக்கன்ஸ் 1850இல் தமது சஞ்சிகையில் எழுதிய சித்திரங்களில், பெயர் சிறிது மாற்றப்பட்டு, இவர் இடம்பெற்றுள்ளார். தோட்டக்காரர் ஒருவரின் மகன். பொலிஸிற் சேருமுன் கூலியாளாக இருந்தவர். சாதாரண உடையில் உலவும் பொலிஸ்காரரை ஆங்கிலச் சமூகம் அதுவரை எங்கு கண்டிருந்தது என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். 1833இல் பொபே என்னும் பொலிஸ் சார்ஜன்ற் தொழிலாளர் பலர் அங்கம் வகித்த தேசிய அரசியற் சங்கமொன்றில் வேடம்பூண்டு புகுந்து உளவறிந்தமை வெளியாகி, பாராளுமன்றக் குழுவொன்றின் விசாரணைக்குரியதாயிற்று. உளவுக்கண் தொழிலாளரின் கூட்ட மண்டபத்துக்குட் புகுந்த பின்னரே கனவான்களின் படுக்கையறையை எட்டியது.

விச்சரின் முறை எளிமையானது. அவர் சலவைத் துணிப் பட்டியலைப் படித்தார். பதினாறு வயதினளான கொன்ஸ்ரன்ஸுக்கு மூன்று இரவுடைகள் இருந்தன, ஒன்றைக் காணவில்லை. மரண விசாரணை நடந்த திங்கட்கிழமையன்று சலவைக்குரிய துணிகளைப் பணிப்பெண் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தனது உட்பாவாடைப் பையிற் பணப்பை உள்ளதாவெனப் பார்க்கும்படியும், பின் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரும்படியும் கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள். அச்சில நிமிடங்களில், ஏற்கெனவே பட்டியலிற் பதிவான இரவுடையைக் கூடையிலிருந்து அவள் மீள எடுத்துக்கொண்டாள் என்பது விச்சரின் ஊகம். ஏனெனில் கூடை சென்றடைந்த பின் ஓர் இரவுடை குறைந்தால், பழி வீட்டாரைச் சாராது, சலவைக்காரியையே சாரும். அவ்வாறே நிகழ்ந்தது. ஹெஸ்ரர் ஹொலி என்ற அச்சலவைத் தொழிலாளி தனக்கு வந்த துணிகளுள் அவ்வுடை இருக்கவில்லை என உறுதியாகக் கூறியும், பொலிஸார் அவளது குடிசையைச் சோதனையிட்டனர்.

இந்த ஊகத்தின் கூர்மை எங்குள்ளது? உழைப்பவளின் சொல்லை மெய்யென எடுத்துக்கொண்டதிலேயே உள்ளது எனலாம். சலவைக்காரி பொய் சொல்லவில்லை என்று ஏற்ற கணத்திலேயே இரவுடை வீட்டுக்குள்ளேயே மறைந்தது என்ற முடிவு பிறந்துவிடுகிறது. அக்காலத்து நீதவான்களுக்கு அரிதாயிருந்த இந்நம்பிக்கை, ஒரு தோட்டக்காரரின் மகனுக்கு இயல்பாக வாய்த்ததென்பது எனது கருத்து.

யூலை 20ஆந் திகதி கொன்ஸ்ரன்ஸ் கைதுசெய்யப்பட்டாள். ஒரு வாரத்தின் பின் நீதவான்கள் முன்னிலையிற் சட்டத்தரணி எட்லின் அவளுக்காகத் தோன்றினார். காணாமற் போன இரவுடை பற்றிய அவரது விளக்கம் பலவீனமானது. ஆனால் அவரது கோபம் பலம் வாய்ந்தது. கண்ணியமான இளம்பெண்ணொருத்தியைச் சாதாரணக் குற்றவாளிபோல் இழுத்து வந்த துப்பறிவாளனின் துணிவே அங்கு குற்றமாயிற்று. அவன் பரிசுப் பணத்துக்காக அலைபவன் என்றும் கூறப்பட்டது. அவள் 200 பவுண் பிணையில் விடுவிக்கப்பட்டாள். பத்திரிகைகளும் பாராளுமன்ற அங்கத்தவர்களும் விச்சரைத் தாக்கினர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்திற் பணிப்பெண் கொஃப் மீண்டுங் கைதாகி விசாரிக்கப்பட்டாள். அவளுக்கெதிராகவும் சான்றில்லை, விடுவிக்கப்பட்டாள். அவள் கைதானதற்காகப் பத்திரிகைகள் அத்துணை கொதிப்படையவில்லை.

அதன் பின்னர் நவெம்பரில், சோண்டர்ஸ் என்ற நீதவான் தம்மிச்சையாக ஒரு விசாரணையைத் தொடங்கிப் பலரது கேலிக்கும் ஆளானார். விந்தை யாதெனில், கொலை நடந்த மறுநாளே இரத்தக்கறை படிந்த பெண்ணின் உட்சட்டையொன்று சமையலறைப் பகுதியின் அடுப்புக் குழியிற் கண்டெடுக்கப்பட்டதும், அது மாதவிடாய்க் கறையெனக் கருதிய ஃபோலி அதனை விச்சருக்கும் அறிவியாது மறைத்ததும் இவ்விசாரணையின் மூலமே வெளிவந்தன. நாணம் ஒரு வர்க்கத்தின் கவசமாக இயங்கியமைக்கு இதனினுஞ் சிறந்த உதாரணங் காண்டலரிது. பணிப்பெண்களின் உடலைச் சோதிப்பதிற் கூசாத பொலிஸ், ஒரு துணியைப் பற்றிப் பேசக் கூசியது.

விச்சர் 1864இல் உடல்நலங் குன்றி ஓய்வுபெற்றார். மறு ஆண்டு, 1865 ஏப்ரல் 25ஆந் திகதி, கொன்ஸ்ரன்ஸ் தானாகவே இலண்டன் போ வீதி நீதிமன்றில் தோன்றிக் கொலையைத் தானே புரிந்ததாக ஒப்புக்கொண்டாள். பிறைற்றனில் அவள் தங்கியிருந்த சமய இல்லத்தின் குருவானவர் வக்னர் உடனிருந்தார். யூலையில் சோல்ஸ்பரியில் விதிக்கப்பட்ட மரணதண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின் 1885இல் அவள் விடுதலையானாள். வேறு பெயரில் அவுஸ்திரேலியா சென்று தாதியாகப் பணிபுரிந்து 1944இல் நூறு வயதில் இறந்தாள். அவளது ஒப்புதலில் முரண்களும் உள. சிறுவனது உடலிற் காணப்பட்ட குத்துக்காயம் அவள் கூறிய சவரக்கத்தியால் ஏற்படக்கூடியதன்று என்ற ஐயம் இன்றுந் தீரவில்லை. தம்பி வில்லியமின் பங்கு பற்றிப் பின்வந்தோர் பலர் எழுதியுள்ளனர். தந்தை தாரமிழக்குமுன்னரே அவ்வீட்டில் ஆசிரியையாகப் பணியாற்றி, பின்னர் அவரின் இரண்டாந் தாரமான பெண்ணின் மகனே கொல்லப்பட்ட சிறுவன் என்பது மட்டும் இங்கு போதும்.

நாம் இலக்கியத்துக்குத் திரும்பலாம். 1868இல் டிக்கன்ஸின் சஞ்சிகையிலே தொடராக வெளிவந்த கொலின்ஸின் 'சந்திரகாந்தக் கல்' நாவல் இவ்வழக்கின் உறுப்புகள் பலவற்றை எடுத்தாளுகின்றது. கிராமத்துப் பெருமனை, திறமையற்ற உள்ளூர்ப் பொலிஸ், இலண்டனிலிருந்து வரும் துப்பறிவாளன் கஃப், கறைபடிந்த இரவுடை, சலவைப் பட்டியல் எல்லாம் அதில் உள்ளன. ஆனால் மூன்று மாற்றங்கள் கருத்திற் கொள்ளத்தக்கவை. கொலையுண்ட குழந்தையின் இடத்தில் ஒரு வைரம் வைக்கப்படுகின்றது. இரத்தக்கறை வர்ணப்பூச்சுக் கறையாகின்றது. வீட்டு மகள்மீது துப்பறிவாளன் கொண்ட சந்தேகம் பிழையென நிரூபிக்கப்படுகின்றது. கொன்ஸ்ரன்ஸ் குற்றத்தை ஒப்பி மூன்றாண்டுகள் கழிந்திருந்த வேளையில், உண்மையில் விச்சர் சரியாகக் கண்டதை நாவலிற் கஃப் தவறாகக் கண்டான். றொசானா என்ற பணிப்பெண்ணோ கறைபட்ட இரவுடையை மறைத்து, புதைமணலில் மாய்கிறாள்.

இதனைக்கொண்டு கொலின்ஸைத் தமது வர்க்கத்தின் வழக்கறிஞர் என்று முத்திரை குத்துதல் கொச்சையான ஆய்வாகும். அவரது நாவலில் திருடன் தருமகருமங்களிற் புகழ்பெற்ற ஒரு கனவானே. வைரமும் எங்கிருந்து வந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேய அதிகாரியொருவன் கொலைபுரிந்து கவர்ந்து வந்தது. வைரத்தைத் தன்னையறியாமல் எடுத்துச் சென்ற கதாநாயகன் அபினின் மயக்கத்தில் இருந்தான். அபினுக்காகச் சீனாவின்மேல் நடத்தப்பட்ட இரண்டாம் யுத்தம் முடிந்தது றோட் ஹில் கொலை நிகழ்ந்த அதே 1860இல். வீட்டுக்குள் நிகழ்ந்த குற்றத்தின் வேரைத் தேடிய கொலின்ஸ், குடும்பத்தை மன்னித்த அதே வேளையிற் பேரரசைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டார். கலைஞனின் நேர்மை அவனது தப்பெண்ணங்களை மீறிச் செல்லும் என்று பால்சாக் பற்றி ஏங்கெல்ஸ் கண்டது ஈண்டும் பொருந்தும்.

நம்மிடையே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் வழியாக வந்த துப்பறியும் நாவல் பொழுதுபோக்கெனத் தள்ளப்பட்டு ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்பியுள்ளது. அந்நாவல்களில் எவருடைய அறை சோதிக்கப்படுகின்றது, எவருடைய சொல் நம்பப்படுகின்றது என்ற கணக்கை எவரேனும் எடுத்தல் வேண்டும்.

கொன்ஸ்ரன்ஸ் தனது வாக்குமூலத்தில், கறைபட்ட இரவுடையைத் தானே மறைத்துவைத்து, சில நாட்களின் பின் எரித்ததாகக் கூறினாள். ஹெஸ்ரர் ஹொலியின் குடிசையைப் பொலிஸார் சோதனையிட்டு அப்பொழுது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.