பண்டை அரங்கமும் பழவேற்காட்டு மேடையும்

நாடக மேடை வகுக்கப் பயில்வோர் நாடக வரலாற்றை எதற்காகக் கற்றல் வேண்டும்? பழைய தூணையும் தோரணத்தையும் பார்த்து எழுதிக்கொள்வதற்கே என்று கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பது எம் துணிபு. முன்னோர் எவ்விடர்க்கு எவ்வழி கண்டனர் என அறிதலே மாணவர்க்கு ஊக்கம் தருவது. அவ்வழியைக் கட்டிப் பார்க்குங்கால் நூற்பொருளும் தெளிவுறும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

மாணவர் ஒருவர் சிலப்பதிகாரக் கானல்வரியை நாடகமாக்கி, பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலுள்ள மீனவர் ஊர் ஒன்றில் இரவில் நடத்த அரங்கம் வகுக்கின்றார் எனக் கொள்வோம். அவர் முதற்கண் எண்ணுவது, அலைகடல் தீட்டிய பெருந்திரை ஒன்றைப் பின்னே தொங்கவிடுதலாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் வழியே பரவிய படுதாக்களின் எச்சம் இது. கடலருகே கடல் எழுதிய துணி! அதன் பொருந்தாமை ஒருபுறமிருக்க, 20 அடி அகலத் துணி கரைக்காற்றில் பாயாகிவிடும். கட்டிய கம்பத்தையும் உடன்கொண்டு சாயும். இதனை மீனவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இனி, அரங்கேற்று காதையை நோக்குவோம். ஆண்டுக் கூறப்படும் மேடை எட்டுக்கோல் நீளமும், ஏழுகோல் அகலமும், ஒருகோல் உயரமும் உடையது. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்குகோல். ஒரு கோல் 24 விரல். விரல் எத்துணை? நாட்டிய சாத்திரமும் 24 விரல் கொண்ட முழத்தையே அளவாகக் கொள்ளுதலின், விரலை முக்கால் அங்குலமாகக் கணக்கிடுதல் எளிதில் தோன்றும். அதன்படி கோல் ஒன்றரை அடி; மேடை 12 அடிக்குப் பத்தரை அடி; இடைவெளி 6 அடி. ஏட்டளவில் இக்கணக்கில் இடரில்லை. கட்டப் புகுவார்க்கோ உடனே இடர் தோன்றும். தலைக்கோலத்தோடு கையுயர்த்தி ஆடுபவட்கு 6 அடி போதாது. உ. வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிய அடியார்க்குநல்லார் உரையோ பெருவிரலால் அளக்கச் சொல்கின்றது. பெருவிரலின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். எனவே கோல் 2 அடி; மேடை 16 அடிக்கு 14 அடி; இடைவெளி 8 அடி. இப்பொழுது ஆடுதற்கு இடமுண்டு. உரையாசிரியர் கூற்றின் பொருத்தத்தை ஈண்டு நிறுவுவது ஆடுபவளின் உயர்த்திய கையே. பெருவிரல் ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலின், இவ்வெண்களை முடிந்த அளவாகக் கொள்ளற்க. மணலில் அமர்ந்து காண்பார்க்கு 2 அடி உயரம் பொருந்துவதையும் மாணவர் குறித்துக்கொள்வாராக.

எழினி மூவகைத்து. ஒருபுறமிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இருபுறமிருந்து வந்து கூடுவது பொருமுக எழினி. மேலே கட்டி இறக்குவது கரந்துவரல் எழினி. காற்றிற்கு இம்மூன்றனுள் எது நிற்கும் என்பதே நம் மாணவரின் வினா. மேலிருந்து தொங்குவது முதலில் விலக்கப்படும். அகன்ற துணியினும் சிறு துணியே நிற்குமெனின், வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து இன்றுங் கையாளும் வழி நினைவிற்கு வரும். வேடம் புகுங்கால் இருவர் ஒரு சிறு திரையைக் கையாற் பிடித்து நிற்பர். காற்று வலித்தால் பிடியை மாற்றுவர். கம்பமும் வேண்டா, கயிறும் வேண்டா.

இதனினும் நுட்பமான சான்று கடலாடு காதையின் இறுதியில் உள்ளது. கோவலனும் மாதவியும் அமரும் இடம் தாழை வேலியால் சூழப்பட்டது. அதன் உள்ளே புன்னை நிழலில், புதுமணலில், ஓவியம் எழுதிய எழினி சுற்றிலும் வளைக்கப்படுகின்றது. மேலே விதானம் உண்டு. அரங்கிற்குரிய எழினி என்னுஞ் சொல்லையே இளங்கோவடிகள் கடற்கரைக்கும் ஆள்கின்றார். அந்த எழினிக்குப் புறத்தே வேலி நிற்றல் கருதற்குரியது. அடிகள் காற்றுத்தடையைக் கருதியே அவ்வேலியை வைத்தார் என்று யாம் வாதிடவில்லை. மணத்திற்கும் மறைவிற்கும் அது போதிய காரணம் உடையதே. ஆயினும் மாணவர்க்கு அது வழி காட்டும். ஓலைத்தட்டியைக் காற்றுவரும் பக்கம் நிறுத்தி, அதன் உட்புறம் எழினி கட்டலாம்.

எப்பக்கம் காற்று வரும்? பகலிற் கடலினின்று வீசுங் காற்று இரவில் நிலத்தினின்று கடல்நோக்கித் திரும்புதல் கரையின் பொது இயல்பு. அவையினர் கடலை நோக்கி அமரின், காற்று அவர் முதுகிலிருந்து மேடை நோக்கிச் செல்லும்; பாடுவோர் குரல் கடலோடு போய்விடும். மேடையை மேற்கே ஏரிப்புறம் வைத்து, அவையினரைக் கடலுக்கு முதுகுகாட்டி இருத்தினால் குரல் அவர்பால் வரும். கடற்காட்சி கெடுமே என மாணவர் வருந்துதல் கூடும். இரவில் அக்கடல் கண்ணுக்குப் புலப்படாது. கானல்வரி பாடப்படும்பொழுது அவையினர் முதுகின் பின்னே அலையோசை கேட்டுக்கொண்டிருக்கும்.